கோணக்கட்டை

கண்ணை மட்டும் பாருங்க, குழலைப் பாக்காதீங்க என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கிக்கடை மீரான் ராவுத்தர் ஒதுங்கி நின்றுகொண்டார். சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம். கட்டின பெண்டாட்டி நாலு எட்டு தள்ளி நின்று, யானை சுடுகிற ரைபிளைத் தூக்கிப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டுவாளாம், அவன் அவள் கண்ணை மட்டும் பார்க்க வேண்டுமாம். சென்னியப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வட்டமான கறுப்பு ஓட்டைதான். உள்ளே ஒன்றுமில்லை என்று ராவுத்தர் திறந்து காட்டியிருந்தார். அவனும் குனிந்து பார்த்தான், நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தான், அப்புறமும் பார்க்கப் போனபோது வேலாத்தாள் சிரித்துவிட்டாள். ஒன்றுமில்லாத ஓட்டைக்கே இந்தப் பாடு. இவள் மலையில் போய் நிற்கிற இடத்தில் எதிரே நிற்கப் போவது ஓட்டை இல்லை, ஒத்தைக்கொம்பன் யானை. சீ, அந்த நினைப்பு இப்போது எதற்கு. கண்ணைப் பார் என்றால் கண்ணைப் பார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது, காற்று மட்டும் கீழே வந்து சேரவில்லை. கடை முழுக்கத் துப்பாக்கி எண்ணெய் வாசம். அவனுடைய ஜின்னிங் ஃபாக்டரியில் பருத்திக்கொட்டை வாசம் எப்படிச் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுமோ, அதுபோல இந்த வாசமும் அவளோடு வீட்டில் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. மல்லிகைப் பூவும் இந்த எண்ணெயும் கலந்து அடித்தால்தான் அவனுக்குத் தூக்கமே வரும் என்று சொன்னால் பொள்ளாச்சியில் யார் நம்புவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியை இடது தோளுக்கு ஏற்றி, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்தாள். இடக்கண். குழலுக்கு நேர் மேலே வந்து உட்கார வேண்டிய கண் மூக்குப் பக்கமாக விலகி நின்றது.

"வெலகியிருக்குதுங்க," என்றான் சென்னியப்பன்.

அவ்வளவுதான் அவன் வேலை. பிடிக்கிறவர்களுக்கே இது தெரியாதாம், கழுத்து தானாக வளைந்து கொடுத்துச் சரியாக இருப்பது போலக் காட்டிவிடுமாம், கடையில் வளைந்து கொடுக்கிற கழுத்து காட்டில் அவசரத்தில் கொடுக்காதாம். அதனால் எதிரே ஒருத்தர் நின்று, கண் குழலுக்கு நடுவில் தானாக வந்து உட்காருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை காலமும் ராவுத்தரேதான் எதிரே நிற்பார். ஜமீன்தாரர்களும் தோட்டத்துத் துரைமார்களும் அவர் கண்ணைக் குறிபார்த்தே துப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள். இப்போது அவருக்குப் புரை அறுத்து ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்பு, மற்ற கண்ணும் அறுக்கக் காத்திருக்கிறது. நீங்களே நில்லுங்க, உங்க சம்சாரத்துக் கண்ணு உங்களுக்குத் தெரியாததா என்று அவனைத் தள்ளிவிட்டார். தெரியாததா. ஆனைமலை மாசாணியம்மன் குண்டத் திருவிழாவில் பலூன் சுடுகிற கடை முன்னால் தாவணியோடு ஒரு பெண் நின்று, வரிசை தப்பாமல் பலூன்களை உடைத்துக்கொண்டே போனாளே, கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, அம்மணி நானும் பிள்ளைகுட்டிக்காரன், போதும் என்றானே, அன்றைக்கே தெரியும். எல்லாரும் உடைகிற பலூனைப் பார்த்தார்கள். அவன் மட்டும் அவள் எந்தத் தோளில் வைத்திருக்கிறாள் என்று பார்த்தான். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். நொட்டாங்கைக்காரி வீட்டுக்கு ஆவாது என்று பங்காளி வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆகட்டும் பார்க்கலாம் என்று தாலியைக் கட்டினான். ஆனது.

அவளும் ஒன்றும் ஊரைப் பகைத்துக்கொண்டு வளர்ந்தவள் இல்லை. சோற்றுக்குச் சோத்துக்கை, விளக்கேற்றச் சோத்துக்கை, ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தாலும் வாங்கினாலும் சோத்துக்கை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடக்கையைத் தலை ரிப்பனால் இடுப்போடு கட்டிப்போட்டே எழுதப் பழக்கியதில், வலது கை எழுத்து முத்து முத்தாக வந்துவிட்டது. ஒருவரும் வந்து இந்தக் கையால் பண்ணு என்று சொல்லாமல் விட்டுப்போனது துப்பாக்கி ஒன்றைத்தான். பெண்பிள்ளை அதைத் தூக்கப் போகிறாளா என்ன என்று விட்டிருப்பார்கள். ஆண் வாரிசு இல்லாத அப்பாரோடு காட்டுக்குப் போனவள் அதை மட்டும் தனக்கு எப்படி வருமோ அப்படியே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் ஊருக்கு, இது அவளுக்கு. அப்புறம் வெங்காயம். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தால் அரிவாள்மனையில் இடக்கையால் அரிவாள். என்ன வேகம், என்ன அழகு. கதவு கிரீச்சென்றால் போதும், கண் சிமிட்டும் நேரத்தில் கை மாறிவிடும், வேகமும் பாதியாகிவிடும். அதற்காகவே சென்னியப்பன் கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டு வைத்தான். செருப்பை வாசலில் கழற்றிப் பூனை மாதிரி வந்து, சமையலறை நிலைப்படியில் நின்று பார்ப்பான். பெண்டாட்டி வெங்காயம் அரிவதை ஒளிந்திருந்து பார்க்கிற ஆம்பிளை நம்ம ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கை மாறுகிற கண் சிமிட்டும் நேரம் இருக்கிறதே, இப்போதெல்லாம் அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. அவளுடைய அப்பாரின் பழைய ரைபிளுக்குப் போல்ட் வலப்பக்கம். ஒரு வேட்டு சுட்டதும் விசையில் இருக்கிற இடக்கையை எடுத்து, மேலே தாண்டி அந்தப் பக்கம் போய், போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி விசைக்கு வர வேண்டும். பன்றிக்கும் சிறுத்தைக்கும் அது போதும். அவள் செய்வதைப் பார்த்தால் ஏதோ பூக்கட்டுவது போலத்தான் இருக்கும். அவள் பூக்கட்டி முடிக்கிற வரைக்கும் யானை நிற்குமா.

ராவுத்தர் அடுத்ததை எடுத்து வந்தார். இது இரட்டைக் குழல், போல்ட்டே கிடையாது, ஒன்று போனால் அடுத்த விசையைத் தொட வேண்டியதுதான், இதுதானுங்க யானைக்கு என்றார். வேலாத்தாள் வலக்கையை நீட்டி மரியாதையாக வாங்கி, அப்புறம் இடக்கைக்கு மாற்றி, எடை பார்த்தாள். அவள் ஒரு துப்பாக்கியை வாங்குகிற விதமே தனி. புடவைக் கடையில் அவள் இப்படிப் பார்த்ததே கிடையாது, எடுத்துப் போட்ட முதல் புடவையை மடித்துக் கொடுங்க என்பாள். துப்பாக்கி என்றால் கட்டையின் ரேகை, குழல் சேருகிற இடம், விசையின் கனம், எல்லாவற்றையும் விரல் நுனியால் கேட்டுக்கொண்டே வருவாள். நெற்றியில் சின்னதாக ஒரு கோடு விழும். சுற்றிலும் ஒரு கடை இருப்பது, தெருவில் பஸ் ஹாரன் அடிப்பது, புருஷன் என்று ஒருத்தன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் மறந்து போகும். பெண்டாட்டி துப்பாக்கி தூக்குறா, புருஷன் பை தூக்குறான் என்று அவனுடைய சித்தப்பன் மக்கள் சொல்லிச் சிரித்தது அவன் காதுக்கும் வந்தது. தூக்கினால் என்ன குறைச்சல். சாமி தூக்குகிறவன் சாமியைவிடச் சின்னவன்தான், அதற்காகத் தூக்காமல் விடுகிறானா. கண்ணை மூடினாள், ஏற்றினாள், திறந்தாள். இரண்டு ஓட்டைகள், அதற்கு மேலே, கொஞ்சம் உள்ளே தள்ளி, அவள் கண். முன்னதைவிட மோசமில்லை, ஆனால் நடுவில் இல்லை. சோத்துக்கைக்காரன் முகத்துக்கு வாகாக வளைத்த கட்டை, இடது தோளில் வைத்தால் குழல் விலகித்தானே போகும். விலகியிருக்குதுங்க என்று சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. என்ன அது என்று பார்த்தான். சந்தோஷம். அட பாவி, சந்தோஷமா.

ஆமாம், சந்தோஷந்தான், யாரிடம் மறைப்பது. காலையில் பொள்ளாச்சியிலிருந்து வண்டியில் வரும்போது கிணத்துக்கடவு தாண்டினதும் அவளே சொன்னாள், கைக்குச் சேராத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்று. அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த யானையே அப்படித்தான் கெட்டது. எவனோ ஒருத்தன் நாட்டுத்துப்பாக்கியால் அரைகுறையாகச் சுட்டுக் காலில் ரவையை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். சீழ் வைத்து, நொண்டி, வலி தாங்காமல் கண்டதையெல்லாம் மிதிக்கிறது. அதும் பாவந்தானுங்க என்று அவள்தான் சொன்னாள், கொல்லப் போகிறவளே சொன்னாள். இன்னொரு அரைகுறை வேட்டு அதன் மேல் விழக் கூடாது, அதுவும் எங் கையால விழவே கூடாது என்றாள். கலெக்டர் ஆபீசிலிருந்து அனுமதி வந்த அன்றைக்கும் அவள் குதிக்கவில்லை, காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். ஆக, சேர்ந்த துப்பாக்கி கிடைத்தால் போவாள். கிடைக்காவிட்டால் போகமாட்டாள். நொட்டாங்கைக்குத் துப்பாக்கி எவன் செய்து வைத்திருக்கிறான், சீமைக்கு எழுதிப் போட்டால் வந்து சேர ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷத்தில் மைசூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு வேட்டைக்காரன் வந்து சுட்டுவிட்டுப் போகமாட்டானா. நாட்டில் ஆம்பிளைகளா இல்லை. இந்த நினைப்பு வந்ததுமே பேச்சியம்மாளும் வந்து நின்றாள். எப்போதும் இப்படித்தான், யானையை மனசிலிருந்து துரத்தினால் பேச்சியம்மா வருவாள். மாமனார் வழியில் வந்த தோட்டத்தில் இலை பறிக்கிறவள், அவன் மலையேறிப் போகும்போதெல்லாம், எங்கம்மா மாப்பிள்ளை வந்துட்டாக, பையை வாங்கி வையுங்கடி என்று கூவிக் கேலி பண்ணுகிறவள். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து தேயிலை ஃபாக்டரிக்குப் போகிற பாதையில் அவளுடைய கூடை மட்டும் முழுசாகக் கிடந்தது. அதற்கப்புறமும் இரண்டு பேர். இப்போது இலை பறிக்கப் போகிறவர்கள் தகரம் தட்டிக்கொண்டு கூட்டமாகப் போகிறார்களாம். சாவுக்குத் தகரம் தட்டி வழி கேட்கிற பிழைப்பு. மைசூர் வேட்டைக்காரன் வருகிற வரைக்கும் அவர்கள் தகரம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அவன் மட்டும் பொள்ளாச்சியில் வெங்காயம் அரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ராவுத்தர் டீ வரவழைத்தார். வேலாத்தாள் வலக்கையால் வாங்கிக் குடித்துக்கொண்டே, கட்டையை வெந்நெண்ணெயில் வாட்டி வளைப்பது பற்றி அவரிடம் கேட்டாள். வளைக்கலாம், ஆனால் அப்படி வளைத்தது சில சமயம் திரும்பப் பழையபடியே போய்விடும், யானைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு நான் அதைத் தரமாட்டேன் என்று ராவுத்தர் கையை விரித்தார். சென்னியப்பன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கடையைச் சுற்றினான். மனசு லேசாக இருந்தது, லேசாக இருப்பதே உறுத்தலாகவும் இருந்தது. மூலையில், உடைந்த நாற்காலிக்குப் பின்னால், ஒரு இரட்டைக் குழல் சாக்கு உறையோடு சாய்ந்திருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு ராவுத்தர் அங்கிருந்தே சிரித்தார். மூலையில இருக்கறதுங்களா, அது கோணக்கட்டைங்க, விட்டுடுங்க, யாரோ துரை ஊருக்குப் போகறப்ப ஏலத்துல எடுத்தது, சீமையில செஞ்சவன் அன்னிக்குக் குடிச்சிருக்கோணும், கட்டையைக் கோணலா வளைச்சு, கன்னம் வைக்கிற மேட்டைக்கூட அந்தப் பக்கமா மாத்திச் செதுக்கிப்போட்டான், தூக்கிப் பாத்தவங்க அத்தனை பேரும் கன்னத்துல இடிக்குதுன்னு வச்சுட்டுப் போயிட்டாங்க, ராசியில்லாதது என்றார். சொல்லிவிட்டு டீயில் மறுபடி மூழ்கிவிட்டார். ராசியில்லாதது என்று யாராவது சொன்னால் சென்னியப்பனுக்கு உடனே கை அரிக்கும். தன் பெண்டாட்டியைப் பற்றி அவ்வளவு தரம் கேட்ட சொல் அது. உறையை இழுத்தான். வலது தோளில் வைத்துப் பார்த்தான். மெய்தான், தாடை எலும்பில் நச்சென்று இடித்தது, குழல் எங்கேயோ வெளியே ஓடியது. ஒரு விளையாட்டுக்கு, அவள் எப்படித்தான் வைக்கிறாளோ என்று, இடது தோளுக்கு மாற்றினான். கை தடுமாறியது, விரலுக்கு விசை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் கன்னம் போய் ஒரு மேட்டில் மெத்தென்று உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் இரண்டு குழலும் நேர் ரோடு மாதிரி சுவர் வரைக்கும் ஓடிற்று.

குடித்திருந்தவன் யாருமில்லை. ஒரு நொட்டாங்கைக்காரத் துரை தனக்கென்று அளவு கொடுத்துச் செய்துகொண்ட துப்பாக்கி இது. செய்தவன் ஒரு மயிரிழை பிசகாமல் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றி, அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறான். திறக்கிற தாழ்கூட எதிர்ப்பக்கம் தள்ளினால் திறக்கும்படி இருக்கிறது. எத்தனை பேர் தூக்கிப் பார்த்திருப்பார்கள், அதில் ஒருத்தனாவது பிறவி நொட்டாங்கையாக இல்லாமலா இருந்திருப்பான். இருந்திருப்பான், ஆனால் நாலு பேர் பார்க்கிற கடையில் அவனும் சோத்துக்கையால்தான் வாங்கியிருப்பான், சோத்துத் தோளில்தான் வைத்திருப்பான், இடிக்குது என்று அவனும் வைத்துவிட்டுப் போயிருப்பான். கோணல் துப்பாக்கியில் இல்லை என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை. சென்னியப்பன் அதை அவசரமாகத் தோளிலிருந்து இறக்கினான், ஏதோ திருடினவன் போல. திரும்பிப் பார்த்தான். அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. ராவுத்தருக்கு அந்தத் தூரம் கண் தெரியாது, வேலாத்தாளோ முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டை வளைக்க முடியாது என்ற பதிலைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருந்தாள். உறையை மாட்டினால் முடிந்தது. மாட்டி, நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து, போலாமா அம்மணி, வெயில் தாழ்ந்துடுச்சு என்று சொன்னால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கு உறையைப் பிடித்த கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இவள் போனால் திரும்பி வராமலும் போகலாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவளுக்குச் சறுக்கினால். பேச்சியம்மாளின் கூடை மாதிரி இவளுடையது எது முழுசாகக் கிடக்கும், தோல் பையா, தண்ணீர்க் குடுவையா. அதை யார் எடுத்துக்கொண்டு வருவார்கள். கதவுக் கீலுக்கு அப்புறம் எதற்கு எண்ணெய். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கைக்குச் சேருகிறது ஒன்று இந்த உலகத்தில் அவளுக்கென்று செய்தது போலக் கிடக்கிறது, அது இருப்பதே அவளுக்குத் தெரியாமல் அவள் படியிறங்கிப் போவாள். டீச்சர் ரிப்பனால் கட்டினாள். அவன் சாக்கு உறையால் கட்டப் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடத்தில் மனசு ஒரு தந்திரம் பண்ணியது. சென்னியப்பனுடைய மனசு வியாபாரி மனசு, ரெண்டு பக்கமும் நஷ்டம் என்றால் நடுவில் ஒரு சந்து கண்டுபிடிக்கும். காட்டிவிடு, காட்டினால் மறைத்த பாவம் இல்லை. ஆனால் கண் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் போகிறவன் நீதானே. பிடிக்கிறவளுக்குத் தெரியாது, ராவுத்தருக்குக் கண் தெரியாது. கொஞ்சம் விலகியிருக்குதுங்க என்று இன்னொரு தரம் சொன்னால் இந்தக் கடையில் மறுத்துப் பேச ஆளில்லை. இரண்டு தரம் சொன்ன வாய், மூன்றாம் தரம் சொல்ல வலிக்கவா போகிறது. இந்தச் சந்து கிடைத்ததும் கால் தானாக நடந்தது. கோணக்கட்டையைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினான். இதையும் ஒருக்கா இடது தோள்ல வச்சுத்தான் பாரேன், எனக்கென்னமோ இது கோணலாத் தெரியலை என்றான். ராவுத்தர், அதுங்களா என்று சிரிக்க வாயைத் திறந்தவர், இடது தோள் என்ற சொல் காதில் போய் உறைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டார். பச்சைத் துணிக்குக் கீழே முகம் மெல்ல மாறியது. யா அல்லா, இத்தனை வருசம் எங் கண்ணு போனது புரையால மட்டும் இல்லீங்க என்றார். எழுந்து வந்து, தாழைத் தள்ளி, துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று அவனையும் அவளையும் பார்க்கச் சொன்னார். தெரிந்தது. தெருவே இரண்டு சின்ன வட்டமாகத் தெரிந்தது, அதில் ஒரு சைக்கிள்காரன் போனான்.

மறுபடியும் நாலு எட்டு தள்ளிப் போய் நின்றான். வேலாத்தாள் இந்தத் தரம் விரல் நுனியால் ஒன்றும் கேட்கவில்லை. எடை பார்க்கவில்லை, ரேகை பார்க்கவில்லை. நெற்றியில் கோடு விழவில்லை. கண்ணை மூடினாள். மூடியபடியே இரண்டு மூச்சு நின்றாள், அப்புறம் துப்பாக்கி மேலே போயிற்று. போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும், அவள் தூக்கினது போலவே இல்லை. கன்னம் போய் அதன் இடத்தில் சேர்ந்தது. யாரும் இல்லாத வீட்டில் அரிவாளைப் பிடித்திருக்கிற அதே கை, அதே தோள், எந்தக் கதவும் கிரீச்சிடாத அதே சுதந்திரம், அதை இப்போதுதான் முதன்முறையாக ஒளியாமல் நேருக்கு நேராகப் பார்க்கிறான். கண் திறந்தது. நடு மத்தியில். இரண்டு குழலுக்கும் நடுவில், கோயில் கோபுரத்துக்கு நடுவில் கலசம் மாதிரி. மயிரிழை இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. சொல்லு, விலகியிருக்கிறது என்று சொல்லு, இப்போது சொல்லு. வாயைத் திறந்தான். அப்போதுதான் கண்ணை மட்டும் பாருங்க என்று ராவுத்தர் சொன்னதை அன்றைக்கு முதல் தரமாகச் செய்தான். ஓட்டைகள் மறைந்துவிட்டன, கண் மட்டும் இருந்தது. அந்தக் கண் பயந்திருந்தது. பன்றிக்கு முன்னால், சிறுத்தைக்கு முன்னால், அப்பாரின் பிணத்துக்கு முன்னால்கூட இப்படி ஒன்றை அவன் அவளிடம் பார்த்ததில்லை. பயமே இல்லாதவள் என்றுதான் இத்தனை வருஷமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தான். முட்டாள். பயமில்லாதவள் போவதில் என்ன பெரிய அதிசயம் இருக்கிறது. அவனுக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே அவளுக்கும் இருந்திருக்கிறது, காலையில் கிணத்துக்கடவு தாண்டும்போதும் இருந்திருக்கிறது, காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகும்போதும் இருந்திருக்கிறது. ஆனால் துப்பாக்கி ஆடவில்லை. இவ்வளவு பயத்தோடு ஒருத்தி போவதென்றால், அவள் கையில் இருப்பதாவது அவளுக்குச் சேர்ந்ததாக இருக்க வேண்டாமா. மென்று விழுங்க வேண்டியதை விழுங்கினான்.

"நடு மத்தியில இருக்குது, அம்மணி. சொல்லி வச்சுச் செஞ்சாப்புல."

அவள் உடனே இறக்கவில்லை. கட்டையில் கன்னத்தை வைத்தபடியே கேட்டாள்.

"நெசமாவா?"

"மாசாணி மேல சத்தியமா."

துப்பாக்கி இறங்கியது. ராவுத்தர், இருங்க எண்ணெய்த் துணி கொண்டாறேன் என்று அவசியமில்லாமல் உள்ளே போனார். தடவித் தடவிப் போனாலும் நேரம் பார்த்துப் போகத் தெரிந்த மனுஷன். வேலாத்தாள் மேஜையில் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு, அதன் மேலேயே பார்வையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைன்னு சொல்லீருவீங்கன்னு நெனச்சேனுங்க," என்றாள் மெதுவாக. "சொல்லீருங்க சாமின்னு உள்ளுக்குள்ள கும்பிட்டுட்டுத்தான் தூக்குனேன்."

சென்னியப்பன் மேஜைக்குக் கிட்டத்தில் வந்தான். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று சொல்லலாமா என்று யோசித்தான், வேண்டாம், அது அவளுக்கு இன்னொரு சுமை. இப்போது நினைத்தாலும் விட்டுவிடலாம், உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம், வா போகலாம் என்று சொல்ல வந்தான். அதற்குள் அவளே தலையை ஆட்டிவிட்டாள், அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்தவள் போல. இனி அது முடிந்துபோன பேச்சு. நாளன்னைக்கு மலையேறோணும், அதுக்கு முன்னால மாட்டுவண்டித் தடத்துல ஒரு நாள் பூரா சுட்டுப் பழகோணும் என்றாள், பாதி தனக்குத்தானே. நானும் வருவேன் என்றான் அவன். வந்து என்ன பண்ணுவீங்க என்றாள். பை தூக்குவேன் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் அவன் பக்கம் கையை நீட்டினாள். இடக்கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவள் அந்தக் கையால் அவனிடம் நீட்டியதில்லை. இப்போது கையே வந்திருந்தது, மாறாமல், மறையாமல். சென்னியப்பன் அதைத் தன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். துப்பாக்கியில் இம்மிகூட ஆடாத அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ராவுத்தர் உள்ளே எதையோ உருட்டிக்கொண்டே இருந்தார். நடுக்கம் நிற்கிற வரைக்கும் அவன் விடவில்லை.